கூரைத் தொட்டியிலும் வீட்டுப் பைப்பிலும் தேங்கிய சகதியை அலசி வெளியேற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தண்ணீர்த் தடை முடிந்து இரண்டு நாளாகியும் குளியலறைக் குழாயில் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் சாலையோரப் பெரிய பைப்பில் இல்லை, உங்கள் கூரைக்கு அடியில்தான் இருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். ஜிஐ பைப்பு (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பு) போட்ட வீடு, சிலிங்குக்கு மேலே 100 முதல் 200 கேலன் வரை பிடிக்கும் தொட்டி, அதன் அடியில் பல வருட வண்டல். தொட்டியை யாராவது எப்போதாவது கழுவியிருப்பார்கள். பைப்பை யாரும் அலசியிருக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், அரை நாளுக்கு மேல் பிடிக்கும். முறையாகச் செய்தால் பலன் உறுதி. அரைகுறையாகச் செய்தால் தொட்டியில் கிடந்த சகதி முழுவதும் பைப்புக்குள் இறங்கி, முன்பைவிட மோசமாகிவிடும்.

சகதி எங்கிருந்து வருகிறது

மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. சமையலறைக் குழாய்க்கு நேரடியாக ஒரு கிளை போகும். மற்றொன்று கூரைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து குளியலறை, கழிவறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் தன் எடையாலேயே இறங்கும். தடைக்குப் பிறகு விநியோகம் திரும்பும்போது, சாலைப் பைப்பின் அடியில் படிந்திருந்த மண்ணும் இரும்புத் துருவும் மங்கனீசும் கிளம்பி வருகின்றன. தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்பதால் அவை அங்கேயே அடியில் இறங்கிவிடுகின்றன. சுத்திகரிக்கப்பட்ட தண்ணீரில் ஒரு லிட்டருக்கு இரும்பு 0.3 மில்லிகிராம், மங்கனீசு 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது மலேசியக் குடிநீர்த் தரம். பார்வைக்குத் தெளிந்த தண்ணீரும் வருடக்கணக்கில் சிறிது சிறிதாகப் படிவை விட்டுச் செல்லும் என்பது இதிலிருந்தே தெரியும்.

இரண்டாவது ஊற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஜிஐ பைப்பின் உட்புறத் துத்தநாகப் பூச்சு கரைந்து போனதும் வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து வழியை அடைக்கும். இரவு முழுக்க நின்ற தண்ணீர் காலையில் முதல் வாளியில் மட்டும் பழுப்பாக வருவது இதனால்தான்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், விடியற்காலையில் மூன்று வெள்ளை வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சமையலறையின் நேரடிக் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் குளியலறைக் குழாயின் முதல் தண்ணீர். மூன்றாவதில் அதே குழாயை மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகு வரும் தண்ணீர்.

மூன்றும் கலங்கல் என்றால் கோளாறு வெளியே இருக்கிறது. அன்று எதையும் அலசாதீர்கள். பேராக்கில் மாநில நீர் வாரியமான லெம்பாகா ஆயர் பேராக், மற்ற மாநிலங்களில் அந்தந்த நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, தொட்டிக்குப் போகும் பைப்பின் அடைப்பு வால்வான ஸ்டாப்காக்கை மூடி வையுங்கள். நேரடித் தண்ணீர் தெளிந்து, மற்ற இரண்டும் கலங்கியிருந்தால் தொட்டியில் வண்டல் நிறைந்துவிட்டது. இரண்டாவது வாளி மட்டும் பழுப்பு, மூன்றாவது தெளிவு என்றால் பைப்புத் துரு.

வாளியின் அடியில் தங்கியதை விரலில் எடுத்துத் தேயுங்கள். நறநறவென்றால் மணல்; வெளியே நிற்கும் பில்ட்டரிலிருந்து மணல் தப்பி வருகிறதா என்று பாருங்கள். மாவு போல் பழுப்பாக ஒட்டினால் துருவும் களிமண்ணும். கறுப்பாக, மை போல விரலில் இழுபட்டால் அது பெரும்பாலும் ரப்பர். ஹோஸின் உட்பகுதியோ வாஷரோ மக்கிப்போயிருக்கிறது. அதற்கு அலசல் மருந்தல்ல, ஹோஸை மாற்றினால் போதும்.

அடுத்து, ஒவ்வொரு குழாயையும் முழுதாகத் திறந்து, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் பலனை அளக்க இந்தக் கணக்குதான் உதவும்.

அலசக் கூடாத பைப்பும் உண்டு

வெளியே தெரியும் ஜிஐ பைப்பின் மரையிணைப்புகளைக் கவனியுங்கள். துருக் கொப்புளம், ஈரக்கசிவு, ஏற்கெனவே எபோக்சி பூசி அடைத்த இடம் ஆகியவை கண்ணில் பட்டால் பம்ப் வைத்து அலச வேண்டாம். அந்தத் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது கழன்றால் சுவருக்குள் தண்ணீர் கசியும், அதுவும் பல நாள் கழித்துத்தான் தெரியவரும். இப்படிப்பட்ட வீட்டில் தொட்டியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, புதுப் பைப்பு இழுக்கப் பணம் சேர்ப்பதே சரி.

பழைய தொட்டி கல்நார் சிமெண்டால் ஆனதாக இருந்தால் அதைத் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது. நார் கிளம்பும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

தேவையானவை

ஹார்ட்வேர் கடையில் எல்லாமே கிடைக்கும். அரை குதிரைத்திறன் தண்ணீர்ப் பம்ப் (இரவல் வாங்கினாலும் போதும்), 100 லிட்டருக்குக் குறையாத சுத்தமான நீல டிரம், முக்கால் இன்ச் ஹோஸ் 15 மீட்டர் அளவில் இரண்டு, கால் சுற்றில் திறக்கும் பால் வால்வு இரண்டு, அழுத்தமானி ஒன்று, 14 இன்ச் பைப்பு ரெஞ்ச், வெள்ளை டேப், நைலான் பிரஷ், பஞ்சு, ரப்பர் சுத்தியல், பழைய நைலான் காலுறை, பேட்டரி விளக்கு, வாசனை சேர்க்காத குளோரின் பிளீச். மிதவை வால்வின் வாஷரையும் கழிவறை ஹோஸ்களையும் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையவை கழற்றியதும் மறுபடி இறுக மறுக்கும்.

கம்பி பிரஷ் வேண்டாம். அது எவர்சில்வரையும் கீறும், துத்தநாகத்தையும் சுரண்டும், பிளாஸ்டிக்கிலும் கோடு போடும். அடுத்த அழுக்கு அந்தக் கோட்டில்தான் முதலில் பிடிக்கும்.

தொட்டியைச் சுத்தம் செய்தல்

முந்தைய நாளே ஸ்டாப்காக்கை மூடிவிட்டு, தொட்டித் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் பயன்படுத்திக் குறையுங்கள். அடியில் ஒரு சாண் உயரம் மீதம் இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசித் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கினால் சகதி முழுவதும் பைப்புக்குள் போய்விடும். இந்த வேலையில் மிகப் பரவலாக நடக்கும் பிழை இதுதான். தொட்டியின் வெளிவாய் அடித்தளத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு இன்ச் மேலே இருப்பதே வண்டல் அதற்குக் கீழே தங்கட்டும் என்பதற்காக.

காலை ஏழு மணிக்கே கூரைக்குள் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஓட்டுக்கடியில் நிற்க முடியாது. சிலிங் பலகையில் கால் வைக்காதீர்கள், மரச்சட்டத்தில் மட்டும் மிதியுங்கள். தண்ணீர் ஹீட்டரின் சுவிட்சையும், கூரைக்குள் ஓடும் வயர்களுக்கான சுவிட்சையும் முதலில் அணைத்துவிடுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்தபடி நிற்க வேண்டும்.

இனி தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் பைப்பின் கேட் வால்வை மூடுங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகியிருக்கும். பலமாகத் திருகினால் தண்டு முறியும். கால் சுற்று மூடி, கால் சுற்று திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். மூடவே இல்லையென்றால், உள்ளிருந்தே வெளிவாயை ரப்பர் அடைப்பானால் அடையுங்கள். அதில் ஒரு கயிறு கட்டி, நுனியைத் தொட்டிக்கு வெளியே தொங்கவிட்டால் பிறகு மறக்காது.

அடிவடிகால் மூடியைத் திறந்து ஹோஸ் மாட்டி வெளியே விடுங்கள். வடிகால் இல்லாத பழைய தொட்டிக்கு, ஹோஸில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை அடியில் வைத்து, மறுமுனையைக் கீழே இறக்கினால் தானாக இழுக்கும்.

தண்ணீர் வடிந்ததும் விளக்கை அடித்துப் பாருங்கள். மேலே மெல்லிய காவி நிறப் படலம், தொட்டால் புகை போல் கிளம்பும். அதன் அடியில் கெட்டியான கரும்பழுப்பு அடுக்கு, விரலை இழுத்தால் கோடு அப்படியே நிற்கும். மிதவை வால்வுக்கு நேர் கீழே மட்டும் வட்டமாக வெறும் தளம் தெரியும், விழும் தண்ணீரே அந்த இடத்தைக் கழுவிவிடுகிறது. எதிர்மூலையில்தான் அடுக்கு தடிமன். பிரஷ்ஷை அந்த மூலையில் தொடங்கி வடிகாலை நோக்கித் தள்ளுங்கள். சோப்பு வேண்டாம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் தள்ளுவது, பஞ்சால் ஒற்றி எடுப்பது என்று மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை ஒட்டாவிட்டால் தொட்டி தயார்.

மேலே இருக்கும்போதே மிதவை வால்வின் வாஷரை மாற்றுங்கள். மூடி இறுக உட்காருகிறதா, வழிந்தோடும் பைப்பின் வாயில் மெல்லிய வலை இருக்கிறதா என்று பாருங்கள். வலை இல்லாத தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

பைப்பை அலசுதல்: வேகமே சகதியை இழுக்கும்

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களிலும் பைப்புகளிலும் கறுப்பு இரும்புச் சகதி சேரும். அங்குள்ள பிளம்பர்கள் ஒரு பம்பை மாட்டி, தண்ணீரை வேகமாக ஓட்டி, திசையை மாற்றி மாற்றி அலசுவார்கள். அழுத்தத்தைக் கூட்டாமல் ஓட்டத்தைக் கூட்டுவதே அந்த முறை. நம் வீட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் அவர்கள் ஊற்றும் ரசாயனம் பொருந்தாது. அது மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர், யாரும் குடிப்பதில்லை. நம் பைப்பில் அமிலமோ துரு நீக்கியோ ஊற்றவே கூடாது.

படிந்த வண்டல் கிளம்ப, தண்ணீர் வினாடிக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். முக்கால் இன்ச் பைப்பில் இது நிமிடத்துக்கு 28 லிட்டர், அதாவது 10 லிட்டர் வாளி 21 வினாடியில் நிறைய வேண்டும். அரை இன்ச் பைப்பில் 18 லிட்டர், வாளிக்கு 33 வினாடி. ஒரு மாடி வீட்டின் தொட்டி குழாய்க்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், அதன் அழுத்தம் 0.3 பார்கூட வராது. துருப்பிடித்த பைப்பில் அந்த அழுத்தத்தால் இந்த வேகத்தைத் தர முடியாது. பம்ப் தேவைப்படுவது இதற்காகத்தான்.

பம்பை மீட்டர் பைப்பில் நேரடியாக மாட்டாதீர்கள். அது சட்டவிரோதம், பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். சமையலறைக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டுக் குளியலறைக் குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளும் பழக்கமும் ஆபத்தானது. அந்த நேரத்தில் விநியோகம் நின்றால் உங்கள் சகதி ஊர்ப் பைப்புக்குள் திரும்பிப் போகும். சமையலறைத் தண்ணீரை டிரம்மில் பிடியுங்கள். ஹோஸின் நுனி டிரம்மின் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். பம்ப் டிரம்மிலிருந்து மட்டும் இழுக்கட்டும்.

முதலில் பிரித்து வைக்க வேண்டியவை: ஹீட்டரின் வால்வு, கழிவறைத் தொட்டி வால்வுகள், துணி இயந்திரத்தின் குழாய் ஆகிய எல்லாவற்றையும் மூடுங்கள். ஷவர் தலை, குழாய் நுனியின் வலை ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஹீட்டரின் நுழைவாயில் வலை மிகச் சிறியது, ஒரு சிட்டிகைத் துருவே அதை அடைத்துவிடும்.

பம்பின் வெளிவாயில் ஒரு டி இணைப்பு போட்டு, ஒரு கிளையை பால் வால்வு வழியாக டிரம்முக்கே திருப்பிவிடுங்கள். மறு கிளையில் அழுத்தமானியும் இரண்டாவது பால் வால்வும். வெளிவாயை மூடினால் அரை குதிரைத்திறன் பம்ப் 3 பார் வரை ஏற்றக்கூடும், பழைய பைப்புக்கு அது அதிகம். திருப்பும் வால்வைத் திறந்து 1.5 பாருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பம்பின் மின்சாரம் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பிலிருந்து வரட்டும், பிளக் தரையில் கிடக்கக் கூடாது.

இப்போது தலைகீழாகத் தொடங்குங்கள். தொட்டிக்கு அருகில், கேட் வால்வுக்குக் கீழே உள்ள யூனியனை (பைப்பைப் பிரித்து மாட்ட உதவும் இணைப்பு) கழற்றி, வீட்டுப் பக்கப் பைப்பில் ஹோஸ் மாட்டி வெளிக் கால்வாய்க்கு இறக்குங்கள். அதன் நுனியில் நைலான் காலுறையைக் கட்டுங்கள், வெளியே வருவது என்ன என்று அதில் தெரியும். பம்பை வீட்டின் கடைசிக் குழாயில் இணைத்து, தண்ணீரை மேல்நோக்கித் தள்ளுங்கள். முதல் அரை நிமிடம் காவித் தண்ணீர், பிறகு செதில் செதிலாகத் துரு.

ஓட்டம் சீரானதும், பைப்புக்குப் போகும் பால் வால்வை இரண்டு வினாடி மூடி, ஐந்து வினாடி திறந்து, இப்படியே மூன்று நிமிடம் செய்யுங்கள். இந்தத் துடிப்பு நேர் ஓட்டத்துக்கு மசியாத படிவையும் பெயர்க்கும். திறப்பது சட்டென்று, மூடுவது மெதுவாக இருக்கட்டும். சட்டென்று மூடினால் பைப்பு அடிவாங்கும். வெளியே தெரியும் பைப்பை ரப்பர் சுத்தியலால் இலேசாகத் தட்டிக்கொண்டே போங்கள், குறிப்பாக முழங்கை வளைவுகளில்.

15 மீட்டர் முக்கால் இன்ச் பைப்பு பிடிப்பது ஏறக்குறைய 5 லிட்டர்தான். ஆகவே ஒரு கிளைக்கு ஒரு டிரம் தண்ணீர் தாராளம். காலுறையில் புதுத் துரு விழாமல், தொடர்ந்து மூன்று வாளி தெளிவாக வந்தால் அடுத்த கிளைக்குப் போகலாம். ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டுமே திறந்திருக்க வேண்டும். இரண்டைத் திறந்தால் ஓட்டம் பிரிந்து வேகம் பாதியாகிவிடும்.

எல்லாக் கிளையும் முடிந்ததும் திசையை மாற்றுங்கள். தொட்டிப் பக்கத்திலிருந்து பம்ப் தள்ள, அருகில் உள்ள குழாயில் தொடங்கிக் கடைசிக் குழாய் வரை ஒவ்வொன்றாகத் திறந்து அலசுங்கள். பிறகு யூனியனை வெள்ளை டேப் சுற்றி மாட்டி, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் காகிதம் உடனே காட்டும்.

இப்போது வாளிக் கணக்கை மறுபடி எடுங்கள். 60 வினாடி எடுத்த குழாய் 35-க்கு வந்திருந்தால் நல்ல பலன். 60 என்பது 55 ஆகியிருந்தால் உள்ளே இருப்பது சகதி அல்ல, கெட்டித் துரு முடிச்சு. எத்தனை டிரம் ஓட்டினாலும் அது போகாது. அந்தப் பகுதிக்குச் சுவரின் மேலாகப் புதுப் பைப்பு இழுத்துவிட்டு, பழையதை இரு முனையிலும் அடைத்துவிடுங்கள்.

குளோரின் போடுவது

இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். சகதி இருக்கும்போது ஊற்றினால் குளோரினைச் சகதியே தின்றுவிடும்.

தேவையான அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். 5 சதவீத பிளீச் என்றால் 100 கேலன் தொட்டிக்கு, அதாவது 455 லிட்டருக்கு, 450 மில்லி. 200 கேலனுக்கு 900 மில்லி. புதுப் போத்தலாகப் பார்த்து வாங்குங்கள், நம் வெயிலில் பழைய பிளீச் வீரியம் இழந்துவிடும். தொட்டி பாதி நிறைந்தபோது ஊற்றி, மீதியை நிரப்பினால் தானாகக் கலந்துவிடும். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். எவர்சில்வர் தொட்டியில் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள், குளோரின் அதில் புள்ளி புள்ளியாக அரிக்கும். வீட்டில் இருப்பவர்கள் யாரும் அந்த நேரத்தில் தண்ணீரைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச் சேர்ந்தால் நச்சுவாயு வரும், இரண்டையும் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்.

பிறகு முழுவதும் வெளியேற்றி, இரண்டு முறை நிரப்பி அலசுங்கள். அந்தத் தண்ணீர் மீன் குளத்துக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் போகக்கூடாது. செப்டிக் தொட்டி உள்ள வீட்டில் மொத்தத்தையும் கழிவறையில் கொட்டினால் அங்குள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும். முற்றத்தையும் கால்வாய் ஓரத்தையும் தேய்த்துக் கழுவக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள்.

மறுபடி நிரப்பும்போது குழாய் இருமி இருமி வந்தால் உள்ளே காற்று. தாழ்வான குழாயை முதலில் திறந்து, ஓட்டம் சீராகும் வரை விடுங்கள். ஹீட்டரைக் கடைசியில்தான் இணைக்க வேண்டும். தண்ணீர் தடையில்லாமல் வந்தபிறகே சுவிட்ச் போடுங்கள்.

சகதி திரும்பாமல் இருக்க

தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால், தொட்டி நிறைந்ததும் ஸ்டாப்காக்கை மூடிவிடுங்கள். விநியோகம் திரும்பியதும் வெளிக்குழாயைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு, பிறகு ஸ்டாப்காக்கைத் திறவுங்கள். வருடத்தில் சேரும் வண்டலில் பெரும்பகுதி இந்தச் சில மணி நேரத்தில்தான் தொட்டிக்குள் ஏறுகிறது.

வெளியே மணல் பில்ட்டர் இருந்தால் வாரம் ஒரு முறை நெம்புகோலைப் பேக்வாஷில் வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம், பிறகு ரின்ஸில் ஒரு நிமிடம். ரின்ஸ் செய்யாமல் நேராகப் பில்ட்டர் நிலைக்குத் திருப்பினால் கிளம்பிய அழுக்கு வீட்டுக்குள் வரும். தொட்டியின் அடிவடிகாலை மாதம் ஒரு முறை அரை நிமிடம் திறந்து மூடுங்கள். தொட்டி கழுவுவது வருடத்துக்கு ஒரு முறை போதும்.

தோட்டத்து லயங்களில் பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே பொதுத் தொட்டி இருந்தால் நீங்களாக அதைத் திறக்க வேண்டாம். 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டப்படி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. மூன்று வாளிச் சோதனையைத் தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் நிர்வாகத்திடம் கொடுங்கள். அவர்கள் அசையாவிட்டால் அதே படங்களோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.